சிபிலிசுப் பரிசோதனையும் 'ரீயாஜின்' என்னும் சொல்லும்

விஞ்ஞானக் கலைச்சொற்கள் யாவும் ஒரு பொருளைத் தெளிவாக அறிந்த பின்னரே தோன்றுகின்றன எனக் கருதுவது வழக்கம். அறியப்படாத ஒன்றுக்குத் தற்காலிகமாக இடப்பட்டு, நிலைத்துவிட்ட பெயர்களும் உள. நோயெதிர்ப்பியலில் வழங்கும் 'ரீயாஜின்' அத்தகையது. எதிர்வினை தரும் ஏதோவொரு பொருள் என்பதற்கு மேல் அச்சொல் எதனையும் கூறுவதில்லை. எனினும், அதனை அடிப்படையாகக் கொண்ட குருதிப் பரிசோதனையின் முடிவு பலரது வாழ்வைத் தீர்மானித்துள்ளது.

சிபிலிசு நோயின் சுருளிவடிவ நுண்ணுயிர் 1905 இல் பேர்லினிற் கண்டறியப்பட்டது. மறு ஆண்டிலேயே வாசர்மன், நைசர், புரூக் ஆகியோர் அந்நோய்க்குரிய குருதிப் பரிசோதனையை வெளியிட்டனர். போர்டேயும் ஜொங்கூவும் 1901 இல் விவரித்த முறையே அதன் அடிப்படை. பிறபொருளெதிரியும் அதற்குரிய பிறபொருளெதிரியாக்கியும் இணையும்போது, குருதியில் இயல்பாகவுள்ள 'நிரப்பி' என்னும் பொருள் செலவாகிறது. பின்னர் சேர்க்கப்படும் ஆட்டின் செங்குழியங்கள் சிதையாதிருப்பின் நிரப்பி செலவாகிவிட்டது என்பது பொருள். நோயாளியின் நீர்ப்பாயத்திற் பிறபொருளெதிரி உண்டு என முடிவு செய்யப்படும்.

பிறப்பிலேயே சிபிலிசுற்ற சிசுக்களின் ஈரற்சாறே இங்கு பிறபொருளெதிரியாக்கியாகப் பயன்பட்டது. அதில் நோய்க்கிருமி நிறைந்திருந்தமையால், பரிசோதனை கிருமிக்கு எதிரான பொருளையே காட்டுகிறது என நம்பப்பட்டது. 1907 இல் இந்நம்பிக்கை தகர்ந்தது. நோயற்ற உறுப்புகளின் மதுசாரச் சாறும் அதே விளைவைத் தருவதை லாண்ட்ஸ்ரெய்னர் முதலியோர் காட்டினர். பின்னர் மாட்டின் இதயமே வழக்கமான மூலப்பொருளாயிற்று. 1941 இல் பாங்போர்ன் என்னும் பெண் விஞ்ஞானி அவ்விதயத்திலிருந்து கார்டியோலிப்பின் என்ற இலிப்பிட்டைப் பிரித்தெடுத்தார். சோதனை தேடியது நம் உடலிலேயே உள்ள ஒரு பொருளுக்கு எதிரான பிறபொருளெதிரியை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

கோட்பாடு பிழைத்தும் பரிசோதனை பயன்பட்டது எங்ஙனம்? இவ்வினாவை எழுப்பியவர் லுட்விக் பிளெக். லிவோவ் நகரத்துப் பற்றீரியவியலாளரான இவர், பின்னாளில் நாசிகளின் ஔஷ்விற்ஸ், புகென்வால்ட் முகாம்களில் அடைக்கப்பட்டவர். 1935 இல் ஜேர்மன் மொழியில் வெளியான தமது நூலில், ஆரம்பத்தில் 15 முதல் 20 வீதமாயிருந்த வெற்றி பின்னர் 70 முதல் 90 வீதமாக உயர்ந்ததை அவர் சுட்டுகிறார். எண்ணற்ற ஆய்வுகூடத் தொழிலாளர் அளவுகளைத் திருத்தித் திருத்தி ஈட்டிய கூட்டு அனுபவமே இதன் காரணம் என்பது அவர் முடிபு. 'கெட்ட குருதி' பற்றிய பழைய சமூக நம்பிக்கையே ஆய்வாளரைக் குருதியின்பால் திருப்பியது எனவும் அவர் வாதிட்டார். தோமஸ் கூன் 1962 இல் தமது நூலின் முன்னுரையிற் குறிப்பிட்ட பின்னரே பிளெக் பரவலாக அறியப்பட்டார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1979 இல் வந்தது.

இவ்வரலாற்றின் மறுபக்கம் வேதனையானது. ஐக்கிய அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலம் 1935 இல் திருமணத்துக்கு முன் குருதிப் பரிசோதனையைச் சட்டத்தாற் கட்டாயமாக்கியது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் மலேரியா, தொழுநோய் ஆகியனவும் ரீயாஜினைத் தோற்றுவிக்கும். 1949 இல் நெல்சனும் மேயரும் கிருமியையே நேரடியாகப் பயன்படுத்தும் பரிசோதனையை உருவாக்கியதும், 'நேர்' எனப்பட்டோரிற் பலர் அந்நோயே அற்றவர் என்பது வெளிப்பட்டது. அவர்களுட் சிலர் லூப்பசு என்னும் தன்னெதிர்ப்பு நோயுற்ற பெண்கள். அவர்கள் சுமந்த பழிக்கு ஆய்வுகூடப் புத்தகங்களிற் கணக்கில்லை.

ஒவ்வாமைத் துறையிலும் ரீயாஜின் என்ற பெயர் வழங்கியது. 1966 இல் இஷிசாகா தம்பதியர் அப்பொருளை இனங்கண்டதும், அங்கு அச்சொல் வழக்கிழந்து வந்தது. சிபிலிசுப் பரிசோதனையிலோ அது இன்றும் நீடிக்கின்றது. இத்தகைய பரிசோதனை மலிவானது, எளியது. சிகிச்சையின் பயனை அளக்கவும் உதவுவது. கர்ப்பிணிகள் அனைவரையும் பரிசோதித்துச் சிகிச்சையளித்ததன் பயனாக, தாயிலிருந்து சேய்க்குச் சிபிலிசு பரவுவதை ஒழித்த நாடாக இலங்கை 2019 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. எனவே பரிசோதனையை நிராகரிப்பது நம் நோக்கமன்று. 'நேர்' என்ற சொல் மேலும் ஆராய்வதற்கான தொடக்கம் மாத்திரமே. ஒருவரின் ஒழுக்கம் பற்றிய தீர்ப்பாக அது வாசிக்கப்படலாகாது என்பதையே ரீயாஜினின் வரலாறு வலியுறுத்துகின்றது.