நில ஆமைகளின் சகவாசமும் பகைமையும்

நில ஆமை சாதுவான பிராணி என்னும் அபிப்பிராயம் வெகுகாலமாக நிலைபெற்றது. அதன் பயனாகவே, ஒற்றையாய் இருக்கும் ஆமை தனிமையில் வாடுமென்று இரக்கங்கொண்டு அதற்கொரு துணையைத் தேடிக் கொணரும் வழக்கம், மத்தியதரைக் கடல் நாடுகளுக்குரிய ஹெர்மன் ஆமையை ஐரோப்பிய இல்லத் தோட்டங்களில் வளர்ப்போரிடையே வேரூன்றியிருக்கிறது. (நம் நாட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டது, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.) அவ்வாறு வரும் துணை பெரும்பாலும் துணையாவதில்லை என்பதும், அதன்பின் எழும் பூசலுக்குப் பிராணியின் சுபாவத்தைவிட அடைப்பின் அமைப்பே பெருங்காரணம் என்பதும் என் துணிபு.

ஆண் ஆமைகள் இரண்டு எதிர்ப்படுமாயின், ஒன்று தலையை உள்ளிழுத்துக்கொண்டு முன்பாய்ந்து, ஓட்டின் முன்விளிம்பால் மற்றதன் விலாவை முட்டும். ஓட்டோடு ஓடு மோதும் சத்தம் தோட்டத்தின் மறுகோடியிலும் கேட்கும். பின்னர் முன்னங்காலைக் கவ்விக் கடிக்கும். மோதுண்டது திரும்பி நடந்துவிட்டால், திறந்த வெளியில், துரத்தல் சிறிது தூரத்திலேயே ஓய்ந்துவிடுகிறது. அங்கே தோற்றதற்கு விலகிச் செல்ல இடம் உண்டு. வேலிக்குள் அகப்பட்டதோ மூலைக்கு மூலை ஒதுங்கியும் வென்றதன் கண்ணுக்குத் தப்ப வழியற்றுப் போவதால், ஒரு கணத்தில் முடிய வேண்டிய சண்டை நாள்தோறும் தொடர்கின்றது. கவிழ்க்கப்பட்டது வெயிலில் நிமிர இயலாமற் கிடக்குமாயின், உடற்சூடு மிகுந்து இறந்துபோவதும் உண்டு.

இவ்வாதத்திற்கு வலுவான சான்று எந்தத் தோட்டத்திலுமன்றி, வட மாசிடோனியாவில், பெரிய பிரெஸ்பா ஏரியிலுள்ள கோலெம் கிராத் என்னும் தீவில் கிடைக்கிறது. ஏறத்தாழ 18 ஹெக்டேர் பரப்பும், செங்குத்தான பாறைச் சரிவுகள் சூழ்ந்த மேட்டுநிலமும் கொண்ட அத்தீவில் ஹெர்மன் ஆமைகள் மிக நெருங்கி வாழ்கின்றன. ஆண்களோ பெண்களைவிடப் பன்மடங்கு மிகுதி. பெண்ணை அடையாத ஆண்கள் ஆண்களையே தழுவ முயல்வதை விவரித்து 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று அந்நிலையைச் சிறைவாசத்தின் விளைவோடு ஒப்பிட்டது. பெண் ஆமைகளின் கதி இன்னும் கொடிது: விடாத துரத்தலினாலும், ஆணின் வால்நுனியிலுள்ள கொம்பு போன்ற முனை குத்துவதாலும் புண்பட்டு, சில வேளைகளில் பாறை விளிம்பிலிருந்து விழவும் நேர்கிறது. கரையோர நிலத்தில் வாழும் அதே இன ஆமைகளிடம் இக்கொடுமை இவ்வளவிற்கு இல்லை. ஆகவே, மனிதன் வேலி கட்டாத இடத்திலுங்கூட, நெருக்கமும் ஆண்பெண் விகிதத்தின் கேடும் ஒருசேர அமைந்தால் விளைவு இதுவேயாகும். தோட்டத்தில் வேலி கட்டும் வளர்ப்பாளர், தம்மை அறியாமலே, அத்தகைய தீவு ஒன்றைத்தான் உண்டாக்குகிறார்.

இதனுடன் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. இவ்வாமைகளில் முட்டை அடைபடும் வெப்பமே பாலை நிர்ணயிக்கிறது, ஏறத்தாழ 31.5 பாகை செல்சியஸுக்குக் கீழ் ஆண்களும் மேல் பெண்களும் மிகுதியாகப் பிறக்கின்றன. குஞ்சுகளில் ஆண்பெண் வேற்றுமை புலப்பட ஆண்டுகள் பல செல்வதால், ஜோடி என்று நம்பி வாங்கியவை இரண்டும் ஆணாய் வளர்ந்து நிற்பது சாதாரணம். உண்மையான ஜோடியாயினும் நன்மை சொற்பமே. ஆணின் முழு வேகமும் ஒரே பெண்ணின்மேல் விழுகிறது. பெண்களை மட்டும் வைப்பதோ, பல பெண்களுக்கு ஓர் ஆணை விசாலமான இடத்தில் விடுவதோ இதனினும் மேலானது. அவ்விடத்திலும் ஒன்றின் பார்வை மற்றதன்மேல் சதா விழாதபடி புதர்களும் கல்மேடுகளும் இடையிடவேண்டும். தீனியையும் வெயில் காயும் இடத்தையும் ஒன்றுக்கு மேற்பட்டனவாகப் பிரித்து வைக்கவேண்டும். ஒளியும் பொந்துக்கு இரண்டு வாயில் இருத்தல் அவசியம்.

முட்டலும் கடித்தலும் கண்ணுக்குப் புலப்படும். அடக்குமுறையோ பல சமயம் ஓசையின்றி நடக்கும். வெதுவெதுப்பான மூலையில் இரண்டு ஆமைகள் ஒட்டிக் கிடப்பதைக் கண்டு வளர்ப்போர் அன்பென்று மகிழ்வர். உண்மையில் வலியது இடத்தைக் கைப்பற்றியிருக்க, எளியது அகல அஞ்சிக் கிடப்பதாகவும் இருக்கலாம். இவ்விஷயத்தில் கண்ணைக் காட்டிலும் தராசு நம்பத்தக்கது: ஆமைகளை மாதந்தோறும் நிறுத்துக் குறித்து வரும்போது, குளிர்கால உறக்கப் பருவம் அல்லாத காலத்தில் ஒன்று மாத்திரம் இளைத்து வருமாயின், நோயைப் பரிசோதிக்கும் அதே வேளையில் அதனைத் தனியே பிரித்தும் வைக்கவேண்டும். பெண்களைத் துன்புறுத்துவது ஆணாயின், பெண்களை அவை பழகிய நிலத்திலேயே விட்டுவிட்டு, ஆணை நிரந்தரமாக வேறோர் அடைப்புக்கு மாற்றுவதே முறை.