கரும்பின் கணக்கைப் படித்தவர்

இ. கே. ஜானகி அம்மாளை இந்தியாவின் முன்னோடிப் பெண் தாவரவியலாளர் என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். அது உண்மையே எனினும், அவர் எதைச் செய்து காட்டினார் என்பதை அந்த அடைமொழி சொல்வதில்லை. 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1934-இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய துறை உயிரணு மரபியல். அதாவது, உயிரணுவின் உட்கருவில் மரபுப் பண்புகளைத் தாங்கி நிற்கும் இழைகளான குரோமோசோம்களை எண்ணியும் ஒப்பிட்டும் செடிகளின் உறவுமுறையைக் கண்டறியும் அறிவியல்.

வேர்நுனியை நறுக்கிப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இழைகளைப் பிரித்தறிந்து எண்ணுவது கண்ணையும் பொறுமையையும் ஒருசேரச் சோதிக்கும் பணி. கரும்பில் அது இன்னும் கடினம். சாறு மிகுந்த தடித்த கரும்பினத்தில் 80 குரோமோசோம்களும், கோயம்புத்தூர்ப் பகுதியில் தானாக வளரும் பேய்க்கரும்பில் 64-உம் உள்ளன. பெற்றோர் ஒவ்வொருவரும் பாதி தருவதே பொது விதியாதலால், இவற்றின் கலப்பில் 72 இருக்க வேண்டும். ஆனால் இவ்விரண்டையும் கலந்து அந்நிறுவனம் 1918-இல் வெளியிட்ட கோ 205 என்னும் இரகத்தில் 112 இருக்கின்றன. தாய்க்கரும்பு தன் 80-ஐயும் முழுமையாக அளித்திருக்கிறது. காட்டுப்புல்லான பேய்க்கரும்பின் வலிமை கலந்தபின்னும் இனிப்பு பெருமளவு தங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். பயிர்க்கலப்பு குருட்டு முயற்சியாக இல்லாமல் கணக்கறிந்த செயலாக மாறியது இத்தகைய எண்ணிக்கைகளால்தான். ஜானகி அம்மாள் இன்னும் ஒரு படி தாண்டி, பேரினம் விட்டுப் பேரினம் கலந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்த கலப்பினம் பற்றிய அவரது குறிப்பு 1938-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

பின்னர் இங்கிலாந்து சென்ற அவர், சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை 1945-இல் வெளியிட்டார். போர்க்கால நெருக்கடியினூடே உருவான அந்நூல் துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அதன்பின் அந்நாட்டின் விஸ்லி தோட்டத்தில், குரோமோசோம்கள் பிரிந்து விலகாதபடி தடுக்கும் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளை மக்னோலியா நாற்றுகளின் நுனியில் இட்டு, 38 குரோமோசோம்கள் கொண்ட செடியை 76 கொண்டதாக்கினார். அவற்றுள் ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்க நேரு விடுத்த அழைப்பை ஏற்று 1951-இல் திரும்பினார். 1977-இல் பத்மஸ்ரீ வந்தது. அதற்கு முன்பே சென்னையை அடுத்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் மூலிகைகளை வளர்த்து ஆராயத் தொடங்கியிருந்த அவர், 1984-இல் மறையும்வரை அப்பணியை விடவில்லை.