ஈஈவி பறவையும் ஹவாய் மலர்களும்

ஈஈவி என்பது பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளில் மட்டும் வாழும் தேனுண்ணும் சிறு பறவையாகும். இதன் உடல் செந்நிறமானது. அலகு நீண்டு, அரிவாள் போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். பழங்கால ஹவாய்த் தலைவர்கள் அணிந்த இறகு மேலங்கிகளில் இதன் செவ்விறகுகள் பயன்பட்டன. ஒரு வகை மலருக்கென்றே தகவமைந்த பறவைக்கு, அம்மலர் அரிதாகிப் போனால் என்ன நேரும் என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

தகவமைப்பு

பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஹவாயை அடைந்த பிஞ்சுக் குருவிகளின் வழித்தோன்றல்களே ஈஈவியும் அதன் உறவினப் பறவைகளும். இக்குழுவில் 50-க்கும் மேற்பட்ட இனங்கள் உருவாயின. சில விதை உண்டன, சில பூச்சி தேடின, சில தேனுண்டன. இதே தீவுகளில் லோபீலியா வகைச் செடிகளும் பல இனங்களாகப் பெருகின. அவற்றுள் பலவற்றின் மலர்கள் வளைந்த குழல் வடிவில் அமைந்தவை. ஈஈவியின் அலகு அக்குழலின் அடிவரை சென்று தேனை எடுக்கும். அப்போது பறவையின் தலையில் மகரந்தம் ஒட்டி அடுத்த மலருக்குச் செல்லும்.

மலர் மாற்றம்

1778-இல் கேப்டன் குக் ஹவாயை அடைந்த பின், ஐரோப்பியர் கொண்டுவந்த ஆடு, மாடு, பன்றிகள் காட்டுச் செடிகளை மேய்ந்து அழித்தன. லோபீலியா இனங்கள் பல மறைந்தன. அவற்றின் தேனை உண்ட மாமோ என்னும் நீளலகுப் பறவை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காணாமற்போனது.

ஈஈவி தப்பியது. அது ஓஹியா மரத்தின் மலர்களை நாடியது. தூரிகை போல விரிந்த அம்மலர்களில் தேன் எடுக்க நீண்ட அலகு தேவையில்லை. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய ஈஈவிகளையும் தற்காலப் பறவைகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 1995-இல் வெளியானது. இடைப்பட்ட காலத்தில் மேல் அலகு சற்றுக் குறுகியிருப்பதை அது கண்டறிந்தது. மலர் மாறியதே இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் விளக்கினர்.

இன்றைய நிலை

19-ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் வழியே ஹவாய்க்குக் கொசுக்கள் வந்தன. அவை பரப்பும் பறவை மலேரியாவை ஈஈவியால் தாங்க இயலாது. எனவே இது கொசுக்கள் குறைந்த, குளிர்ந்த மலைக்காடுகளிலேயே பெரும்பாலும் எஞ்சியுள்ளது. புவி வெப்பமாதலால் கொசுக்கள் அங்கும் ஏறி வருகின்றன. அமெரிக்க அரசு 2017-இல் ஈஈவியை அச்சுறு நிலைப் பறவையாக அறிவித்தது. இதற்கிடையே ஓஹியா மரங்களையும் ஒரு பூஞ்சை நோய் கொன்று வருகிறது. முதல் மலரை இழந்தபோது ஈஈவிக்கு வேறொரு மலர் இருந்தது. ஓஹியாவுக்கு ஈடாக அதே அளவில் பூக்கும் மற்றொரு மரம் அம்மலைக்காடுகளில் இல்லை.