ஊன்றுகோலின் வரலாறு

தலைநகரில் வாழும் நம் குடும்பங்களுள் கேதாரநாத யாத்திரை சென்று மீண்ட இல்லங்கள் பல. கதவின் பின்னே சாய்ந்து கிடக்கும் இரும்புமுனைக் கோலே அதற்குச் சான்று. கௌரிகுண்டத்தில் அக்கோலை வாங்கியபோது, நம் குழுவின் இளைஞர் சிலர், 'அது கிழவர்க்கு உரியது' என்று நகைத்து மறுத்தனர். ஏறுகையில் நகைத்தவர்களே இறங்குகையில் முழங்காலைப் பற்றிக்கொண்டு பாட்டிமாரிடம் கோலை இரவல் கேட்டனர்! அந்நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

கோலுடன் வழிச்செல்வது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் அந்தணர்க்கு உரியவற்றுள் முக்கோலையும் எண்ணுகின்றது. பாலைக்கலியிலும் முக்கோற்பகவர் எதிர்ப்படுகின்றனர். ஆயினும் அங்கே கோல் தோள்மேல் கிடக்கின்றதேயன்றி நிலத்தில் ஊன்றப்படவில்லை. ஆதலின் அதனை மலைநடைக்குச் சான்றாகக் காட்ட யாம் துணியோம். வெள்ளியங்கிரி ஏறும் அன்பர்தம் மூங்கில் தடியே இதற்கு நெருங்கிய உறவாகும்.

ஐரோப்பாவில், சூரிச் நகரத்து அறிஞர் யோசியாஸ் சிம்லர் 1574-இல் ஆல்ப்ஸ் மலைகளைப் பற்றி இலத்தீனில் நூல் எழுதினார். செங்குத்தான சரிவுகளில் இரும்புமுனைக் கோலை ஊன்றி ஏறும் வழக்கத்தையும், ஆயர்களே அதனை மிகுதியாகக் கையாண்டதையும் அதில் குறித்துள்ளார். 1786 ஆகஸ்டு 8-ஆம் நாள் மோன் பிளாங்க் சிகரத்தை முதன்முதல் அடைந்த பால்மா, பக்கார் என்னும் இருவரிடமும் கயிறு இல்லை, பனிக்கோடரியும் இல்லை; நெடுங்கோல்களே துணையாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நெடுங்கோலும் கைக்கோடரியும் இணைந்து பனிக்கோடரி ஆயிற்று. சிகரம் ஏறுவோர் அதனைப் பற்றிக்கொண்டு பழங்கோலைக் கைவிட்டனர்.

கைவிட்ட கோல் மீண்டும் வந்த விதம் வியப்பிற்குரியது. 1974-இல் ஜெர்மனியின் லேக்கி நிறுவனம், வேண்டியவாறு நீட்டவும் குறுக்கவும் ஆகும் உலோகக் கோலொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கு இட்ட பெயர் இமயச் சிகரமாகிய மகாலு. சிம்லரின் நூல் வெளிவந்து சரியாக நானூறு ஆண்டுகள்! கைக்கு ஒன்றாக இரு கோல்கள் ஊன்றும் வழக்கம் மலைநடையாளரிடையே பின்னர்ப் பரவிற்று. ஏற்றத்தில் சற்றுக் குறுக்கியும் இறக்கத்தில் நீட்டியும் அவர்கள் அவற்றைக் கையாள்கின்றனர்.

இறக்கமே முழங்காலுக்குப் பகை. 25 பாகைச் சரிவில் இரு கோல்களுடன் இறங்கும்போது முழங்கால் மூட்டின்மீது விழும் விசைகள் 12 முதல் 25 விழுக்காடுவரை குறைவதாக 1999-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. எண்மரை மட்டும் கொண்டு நடத்திய சிறு ஆய்வுதான். எனினும் நம் இளைஞர்கள் அதனை மறுக்கவில்லை.

வரும் வைகாசியில் செல்லவிருக்கும் குழுவினர், கோல் எத்தனை வேண்டும் என்று இப்போதே கேட்டுள்ளனர். ஆளுக்கு இரண்டு என்று எழுதி வைத்துள்ளோம்.