கப்பித்தானின் பீரங்கிக்காரர்

களக்காட்டில் எங்கள் வீட்டுக்கு இன்னும் 'பீரங்கிக்காரர் வீடு' என்றுதான் பேர். வீட்டில் பீரங்கியும் கிடையாது, பட்டயமும் கிடையாது. ஆச்சி சொல்லிவிட்டுப் போன மூன்று விஷயங்கள் மட்டும்தான் மிச்சம். எங்கள் முன்னோர் ஒருவர் 'கப்பித்தானிடம்' பீரங்கி வேலை பார்த்தார். அவர் இருந்த கோட்டையில் மீன் செதுக்கியிருந்தது. அங்கே நின்றால் 'ஒரு கண்ணுக்குக் கடலு, ஒரு கண்ணுக்கு மலை.'

போன பங்குனி உத்திரத்துக்கு முன்னால், எங்கள் சாஸ்தா கோயிலில் அவர் நினைவாக ஒரு கல் பதிக்கப் பெரியப்பா முடிவு செய்தார். வாசகமும் தயார்: 'குளச்சல் போரில் டச்சுக்காரரை வென்ற பீரங்கி வீரர்.'

"ஏல, நீதான் படிச்சவன். தேதிய மட்டும் சரியாப் பாத்துச் சொல்லு" என்றார். தேதி பார்க்கப் போனதில் வாசகமே ஆட்டம் கண்டுவிட்டது.

குளச்சல் போர் நடந்தது 1741 ஆகஸ்ட் 10. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்தது. அதில் பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாக்கியஸ் டி லனாய். மன்னர் அவரைத் தன் படையிலேயே சேர்த்துக்கொண்டார். டி லனாய் அந்தப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்க ஏற்பாடு செய்தார். எல்லைக் கோட்டைகளைப் பலப்படுத்தினார். ஜனங்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்று கூப்பிட்டார்கள். 1777-ல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறது.

ஆச்சி சொன்ன கப்பித்தான் இவர்தான் என்றால் சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது. குளச்சலில் கப்பித்தான் எதிரிப் படையில் அல்லவா இருந்தார்! அவரிடம் வேலை பார்த்தவர் அந்தப் போருக்குப் பிறகுதான் அவரிடம் சேர்ந்திருக்க முடியும்.

சரி, களக்காட்டுக்காரருக்குத் திருவிதாங்கூர் படையில் என்ன வேலை? இன்றைய வரைபடத்தை மறந்துவிட்டுத்தான் இதற்குப் பதில் தேட வேண்டும். களக்காடு வேணாட்டு அரசர்களுக்குப் புதிய ஊர் இல்லை. குமரிக்கும் களக்காட்டுக்கும் இடைப்பட்ட நிலத்தை, 1750-களின் தொடக்கத்தில் மதுரையில் அதிகாரத்தில் இருந்தவர்கள் திருவிதாங்கூருக்கு விற்றார்கள். களக்காட்டுக் கோட்டையில் திருவிதாங்கூர்ப் படை தங்கியது. 1755-ல் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ் கானும் கம்பெனியின் கர்னல் ஹெரானும் திருநெல்வேலிக்கு வந்தபோது அந்தப் படை பின்வாங்கியது. அதற்கப்புறம் ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. 1760-களின் நடுவில் நவாபோடு செய்துகொண்ட உடன்பாட்டில்தான் திருவிதாங்கூர் களக்காட்டை விட்டுக்கொடுத்தது. நடுவே இருந்த அந்தப் பத்துப் பதினைந்து வருடங்களில் எங்கள் ஊர் இளைஞன் ஒருவன் கப்பித்தானின் படையில் சேர்ந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இனி கோட்டை. உதயகிரியில் கடல் இல்லை. ஆரல்வாய்மொழியில் மலை உண்டு, கடல் கிடையாது. கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிறது வட்டக்கோட்டை. பேர்தான் வட்டம், கோட்டை என்னவோ சதுர வாக்கில்தான் இருக்கிறது. பழைய கோட்டையைக் கருங்கல்லில் பலப்படுத்திக் கட்டியவர் டி லனாய். உள்ளே கல்லில் பாண்டியரின் மீன் சின்னம். மதில்மேல் ஏறி நின்றேன். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் காற்றாலைகளுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆச்சி இந்தக் கோட்டையைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் சொன்ன இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. வட்டக்கோட்டை தனிக் கோட்டை இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து கடல்வரை ஓடிய தற்காப்பு அரணின் கடலோர முனை அது. அந்த அரண் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரும் படையைத் தடுக்கக் கட்டியது. கடலைப் பார்த்தும் பீரங்கி இருந்திருக்கலாம். ஆனால் அரண் முழுசும் முகம் காட்டி நின்றது நம் பக்கம்தான். களக்காடு நவாபின் கைக்குப் போன பிறகும் அவர் வேலையில் தொடர்ந்திருந்தால், அவருடைய சொந்த ஊரே எதிரி நாடு. ஒரு கண்ணுக்கு மலை என்று அவர் வீட்டில் சொன்னது வெறும் அழகைப் பற்றியதாக இருக்காது. அந்த மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் அவர் வீடு இருந்தது.

அந்த அரண் உண்மையான சோதனையைச் சந்தித்தது வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போதுதான். 1809 பிப்ரவரி 10 அன்று கர்னல் செயின்ட் லீஜரின் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழியைப் பிடித்தது. நேராக மோதி அல்ல. மேஜர் வெல்ஷின் ஆட்கள் ராத்திரியில் பக்கத்து மலைமேல் ஏறி மேலே இருந்து இறங்கினார்கள். எதிரே பார்த்து நின்ற பீரங்கிகளை அதற்குள் திருப்ப முடியுமா?

எல்லாவற்றையும் பெரியப்பாவிடம் சொன்னேன். குளச்சல் போனதில் அவருக்கு வருத்தம்தான். வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"நம்ம ஊரப் பாத்துல்லா பீரங்கி வச்சிருந்திருக்கான். சுட்டானா?"

"வட்டக்கோட்டையிலேருந்து குண்டு களக்காடு வரைக்கும் வராது பெரியப்பா."

"அதக் கேக்கல. சுடச் சொல்லியிருந்தா சுட்டிருப்பானா?"

இதற்கு எந்த ஆவணத்தில் பதில் தேட? நான் பேசாமல் இருந்தேன்.

கல் பதித்தாயிற்று. 'வட்டக்கோட்டைப் பீரங்கிக்காரர், களக்காடு' என்று மட்டும் வெட்டியிருக்கிறது. வீரர் என்ற சொல்லைப் பெரியப்பாவே எடுத்துவிட்டார். "ஊர் பேரு இருக்கட்டும்ல. அவன் அங்கன நின்னு பாத்துக்கிட்டே இருந்த ஊரு."