பூச்சி பிரித்தறிந்த கள்ளிகள்

மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சிவப்புச் சாயத்துக்காகச் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் வளர்த்த காலம். 1795-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தா வந்த கோச்சினீல் பூச்சி, உயர்ரகச் சாயம் தரும் இனமெனக் கருதப்பட்டது. அது வேறோர் இனம். தென்னமெரிக்கப் பூச்சியாயினும் பின்னர் இலங்கையின் பெயரால் 'டாக்டிலோபியஸ் சிலோனிகஸ்' எனப்பட்டது.

சாயம் தரத்தில் தாழ்ந்தது. ஆனால், வட இந்தியாவில் மண்டியிருந்த தென்னமெரிக்கக் கள்ளியை அப்பூச்சி பேரளவில் அழித்தது. அக்கள்ளி 'ஒபன்ஷியா மோனகாந்தா'. நூல்களோ அதை நெடுங்காலம் 'ஒபன்ஷியா வல்காரிஸ்' எனப் பிழையாக வழங்கின. தமிழகத்தின் சப்பாத்திக்கள்ளியான 'ஒபன்ஷியா டில்லனி' அப்பூச்சிக்கு மடியவில்லை. அதை அடக்க 1926-இல் இலங்கையிலிருந்து 'டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே' என்னும் மற்றோர் இனம் தருவிக்கப்பட்டது.

தில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் கால ஏடுகளைப் படிப்போர், கள்ளி என்ற சொல்லைக் கண்டதும் அது எந்த இனம் என்றே முதலில் வினவ வேண்டும்.