கைமாறிய பிரம்பு: மாத்தளைத் தோட்டங்களில் குடும்ப வன்முறையின் வரலாறு

கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டில் திரட்டப்பட்ட குடும்பங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து நடந்து வந்தபோது, அவர்கள் எட்டிய முதல் மலைநாட்டு ஊர் மாத்தளையாகும். 1880இல் கண்டியிலிருந்து இருப்புப்பாதை இங்கு வந்து சேர்ந்த காலத்தில் இலைத்துரு நோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. அந்நிலங்களைத் தேயிலையும் கொக்கோவும், பின்னர் இறப்பரும் பிடித்துக்கொண்டன. இரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளை வட்டாரங்களில் இன்றும் வாழும் அக்குடும்பங்களின் வழித்தோன்றல்களைப் பற்றிக் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் என்ற தலைப்புகளில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புக்குள் பெண்ணும் பிள்ளையும் பட்ட அடியைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஆனால் அந்த அடியின் வரலாறும் தோட்டத்தின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம், முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு விலகுவதையும் கீழ்ப்படிய மறுப்பதையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாக வைத்திருந்தது. அதாவது ஒரு தொழிலாளியின் கோபமோ களைப்போ வழக்காகிவிடக்கூடிய ஒழுங்கு அது. அந்த ஒழுங்கில் தோட்டத்தை நிருவகித்த துரைக்குக் கீழே கணக்கப்பிள்ளையும், அவருக்குக் கீழே பெரிய கங்காணியும், அவருக்கும் கீழே தன் உறவினரையே கூட்டி வந்து வேலை வாங்கிய சில்லறைக் கங்காணியும் இருந்தனர். தொழிலாளியின் கடன் தொகையை எழுதி, அதைச் செலுத்தும் தோட்டத்துக்கு அவரை மாற்றிவிட வகைசெய்த ‘துண்டு’ என்னும் சீட்டு 1921இலும், ஒப்பந்தத்தை மீறியோருக்கான சிறைத்தண்டனை அதற்கு அடுத்த ஆண்டிலும் ஒழிந்தன. எனினும் அதிகார ஏணியின் கடைசிப் படி வீட்டுக்குள்ளேயே இருந்தது. கொழுந்து பறித்தவள் மனைவியோ மகளோ ஆனாலும் அவளுடைய சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தத்துக்குப் பிறகே கிடைத்தது. வெளியே எவருக்கும் உத்தரவிட முடியாத ஆண், வீட்டுக்குள் ஒரு கங்காணியாக நிற்பதற்கான இடத்தைத் தோட்டமே அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தது.

இந்த அதிகாரம் செயற்பட்ட இடம் லயக் காம்பரா. ஒரே கூரையின் கீழ் வரிசையாகவும், சிலவிடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியும் கட்டப்பட்ட அறைகளில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான ஓர் அறையும், அதன் முன்னே இஸ்தோப்பு எனப்படும் ஒடுங்கிய திண்ணையும் மட்டுமே. சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும் நோயும் சாவும் அதற்குள்தான். கணவன் மனைவியை அடிக்கும்போது பிள்ளையை வேறோர் அறைக்கு அனுப்பிவிட அங்கே வேறோர் அறை இல்லை. அடுப்புப் புகை மண்டிய சுவரோரம் கம்பளிக்குள் கண்ணை இறுக மூடிக் கிடக்கும் பிள்ளை, அடியின் ஓசையையும் அதற்குப் பின் வரும் அமைதியையும் ஒருசேரக் கேட்டே வளர்ந்தது. பக்கத்துக் காம்பராவுக்கும் எல்லாமே கேட்டது. ஆனால் எல்லார் வீட்டிலும் நடப்பது எவருக்கும் செய்தியாவதில்லை. விடிந்ததும் தாய் வேலை பிரித்துக் கொடுக்கப்படும் பிரட்டுக்களத்துக்குப் போக, கைக்குழந்தை தோட்டத்தின் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவுக்கும், அதற்கு மூத்தது அக்காளின் இடுப்புக்கும் போயின. அந்த அக்காளுக்குப் பெரும்பாலும் பத்து வயதுகூட நிரம்பியிருக்காது. அவளை வளர்க்க எவரும் இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பள்ளிக்கூடமும் இந்த வன்முறையிலிருந்து விலகி நிற்கவில்லை. தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவூட்டும் பொறுப்பை 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்ட நிருவாகத்தின் மேல் சுமத்தியது; அதன் பயனாக எழுந்த ஒற்றையறைப் பள்ளிகளில் ஓர் ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் பிரம்போடு மேய்த்தார். ‘கண்ணை விட்டுட்டுத் தோலை உரிங்க’ என்று ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோரின் பேச்சு தமிழர் வாழும் எல்லா இடங்களிலும் உண்டு. அதனினும் ஆழமாக வேரோடிய சொல் ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்பது. அடிபட்ட பிள்ளையைத் தேற்றவும், அடிபட்ட மனைவியைத் திருப்பியனுப்பவும் ஒரே பழமொழி போதுமாக இருந்தது என்பதிலேயே இந்தக் கட்டுரை பேச முனையும் தொடர்பு அடங்கியிருக்கிறது. அன்பும் அடியும் ஒரே கையிலிருந்துதான் வரும் என்று ஐந்து வயதில் கற்றுக்கொண்ட ஆண் இருபத்தைந்தில் அடிப்பதையும், அதையே கற்ற பெண் அதைத் தாங்குவதையும் இயல்பாகக் கொள்கின்றனர்.

இதனை ஆய்வாளர்கள் ‘வன்முறையின் தலைமுறைக் கடத்தல்’ என்பர். பெற்றோரிடம் பட்டதும் கண்டதும் பிள்ளையின் பிற்கால உறவுகளில் மறுபடி தலைகாட்டுவதை அது குறிக்கும். கொழும்பு, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, நுவரெலியா ஆகிய நான்கு மாவட்டங்களில் கெயார் (CARE) தொண்டு நிறுவனம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்களிடமே நேரடியாகக் கேள்வி கேட்டது. மாத்தளை அதில் இடம்பெறவில்லை. ஆயினும் தேயிலை மாவட்டமான நுவரெலியா இடம்பெற்றதால் அது இவ்விடத்துக்கும் பயன்படும். அத்தரவுகளில் 1,533 ஆண்களின் பதில்களை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த கட்டுரை, சிறுவயதில் தாய் அடிபடுவதைக் கண்டிருப்பதே பின்னாளில் மனைவியை உடலால் தாக்குவதோடு மிக நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது எனக் காட்டியது. ஒற்றை அறையில் வளர்ந்த ஒரு சமூகத்துக்கு இந்தக் கண்டுபிடிப்பின் பொருளை விளக்கத் தேவையில்லை.

தொடர்பு என்பது விதியன்று. அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடம் 1989இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் துன்புறுத்தப்பட்டோரிடையே பிற்கால வன்முறைக் குற்றங்கள் கூடுதலாக இருந்தபோதிலும், அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் அத்தகைய குற்றம் எதற்காகவும் கைதாகவில்லை. அடிவாங்கி வளர்ந்தும் கை ஓங்காத தகப்பன்மார் மாத்தளையிலும் உண்டு. குடிதான் காரணம் என்ற வழக்கமான விளக்கமும் போதாது: தவறணை என்னும் கள்ளுக்கடையும் கசிப்பு என்னும் கள்ளச்சாராயமும் கையை அவிழ்த்துவிட்டன என்பது மெய்யே, ஆனால் குடித்தவன் துரையை அடிக்காமல் மனைவியை அடித்தது எப்படி என்பதற்கு அந்த விளக்கத்தில் விடையில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய அவமானம் ஆணையும் பெண்ணையும் ஒருங்கே தாக்கியது. அதைப் பெண்ணும் சுமந்தாள். கணவனிடம் பட்ட அடியைச் சில நேரம் பிள்ளையின் முதுகில் இறக்கவும் செய்தாள். இதை மறைத்து எழுதுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகமாகும்.

மனைவிமீதும் பிள்ளைமீதுமான இவ்விரு வன்முறைகளையும் சட்டம் நெடுங்காலம் வெவ்வேறாகவே பார்த்தது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டித்த 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம், பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை அதே பிரிவிலேயே காப்பாற்றி வைத்தது. 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் பிள்ளைகள்மீதான கொடுமையைத் தனிக் குற்றமாக்கியது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது. 2005ஆம் ஆண்டு ஒரு திருப்பம்: நீதிமன்றம் விதிக்கும் கசையடி ஒழிக்கப்பட்டது, பள்ளிகளில் உடல்தண்டனையைத் தடுக்கும் சுற்றறிக்கையைக் கல்வி அமைச்சு விடுத்தது, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் நிறைவேறியது. இக்கடைசிச் சட்டத்தின் கீழ் அடிபட்ட பெண்ணோ, பிள்ளையின் சார்பில் பெற்றோரோ பாதுகாவலரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அக்கட்டளை பன்னிரண்டு மாதங்கள் வரை செல்லும்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி இலங்கையில் துணைவரோடு வாழும் அல்லது வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அத்துணைவரிடம் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர். சட்டம் இருந்தும் தோட்டத்துப் பெண்ணுக்கு நீதிமன்றம் பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும் தொலைவில் இருக்கிறது. ஆகவே பிணக்கு முதலில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடமே போகிறது. அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து இரு பக்கத்துப் பெரியவர்களையும் கேட்டு, கணவனைக் கண்டித்து, மனைவிக்குப் பொறுமை சொல்லிச் சமாதானம் செய்துவைக்கிறார். வாசற்படியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், முந்திய இரவு முழுவதும் அதே அறையில் விழித்துக் கிடந்தும், எவரும் எதுவும் கேட்பதில்லை.